வெற்றிடத்தில் ஏன் இழுக்கிறது?

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டில் கப்பல் பறக்கும்போது திரையின் இடது மேல் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். ஏவி எவ்வளவு நேரமாயிற்று என்று அது காட்டும். எண்கள் பச்சையாக இருந்தால் விளையாட்டின் ஒரு விநாடியும் நம் சுவர்க் கடிகாரத்தின் ஒரு விநாடியும் ஒன்றுதான். மஞ்சளானால் விளையாட்டின் விநாடி நீண்டுவிட்டது. சிவப்பானால் ரொம்பவே நீண்டுவிட்டது. ஏவுதளத்தில் மஞ்சளானால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அங்கே புகை, நெருப்பு, கடல், மலை எல்லாம் இருக்கின்றன. கோள்களைத் தாண்டி, எந்தப் பக்கம் திரும்பினாலும் கறுப்பாக இருக்கிற இடத்தில் மஞ்சளாகும்போதுதான் குழப்பம் வருகிறது.

"அத்தை, இங்க ஒரு மரம் இல்ல, மலை இல்ல, காத்துகூட இல்ல. அப்புறம் ஏன் இழுக்குது?" என்று என் அண்ணன் மகன் கேட்டான். ஜூல் என்ற பச்சைக் கோளுக்குப் போகும் வழியில், பாதி தூரத்தில் இருந்தது அவன் கப்பல். மெதுவாக ஓடும் மென்பொருளைப் பிரித்துப் பார்த்து, நேரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதனால் வீட்டில் எந்தத் திரை திணறினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு விண்வெளி விளையாட்டுகளின் வயதே ஆகிறது. முதல் விளையாட்டை எழுதியவர்களே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தத் தொழிலின் வரலாறு முழுக்க ஒரே பேரம்தான். கணினியிடம் இருக்கும் நேரம் கொஞ்சம், கணக்குப் போட வேண்டிய பிரபஞ்சம் பெரிது, எதை விட்டுக்கொடுப்பது?

1961இல் அமெரிக்காவின் எம்ஐடிக்கு பிடிபி-1 என்ற கணினி வந்து சேர்ந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் செய்த இயந்திரம், விலை 1,20,000 டாலர். ஒரு கூட்டல் செய்ய அதற்கு 10 மைக்ரோ விநாடி ஆகும், அதாவது விநாடிக்கு ஒரு லட்சம் கூட்டல். அதோடு வட்டமான ஒரு திரையும் இருந்தது. கோடு போடத் தெரியாத திரை அது. புள்ளி மட்டுமே வைக்கும், விநாடிக்கு 20,000 புள்ளி வரை. வைத்த புள்ளி மங்கிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இயந்திரத்தில்தான் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962இல் ஸ்பேஸ்வார் விளையாட்டை எழுதினார்கள். இரண்டு கப்பல்கள், ஆளுக்கு ஒன்று, ஒருவரை ஒருவர் டார்பிடோவால் அடிக்க வேண்டும். ரஸ்ஸல் முதலில் பின்னணியில் நட்சத்திரங்களைக் கண்டபடி தூவியிருந்தார். பீட்டர் சாம்சனுக்கு அது பொறுக்கவில்லை. வானியல் அட்டவணையிலிருந்து நிஜ நட்சத்திரங்களின் இடங்களை எடுத்து, வானத்தின் நடுப்பட்டையை அப்படியே திரையில் கொண்டுவந்தார். பிரகாசமான நட்சத்திரம் பிரகாசமாகத் தெரிய என்ன செய்தார் தெரியுமா? அதே இடத்தில் புள்ளியைப் பலமுறை வைத்தார். ஒவ்வொரு தடவையும் நேரச் செலவு. அழகுக்கு மைக்ரோ விநாடியில் விலை கொடுத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

டான் எட்வர்ட்ஸுக்கு வேறு குறை. ஈர்ப்பு விசை இல்லாத விண்வெளி என்ன விண்வெளி? நடுவில் ஒரு சூரியனை வைத்து, கப்பல்களை அது இழுக்க வேண்டும் என்று விரும்பினார். கணக்கு தெரியும், ஆனால் அதைப் போட நேரம் மிச்சம் இல்லை. கப்பல்களின் உருவத்தை வரைவதிலேயே இயந்திரத்தின் நேரம் கரைந்துகொண்டிருந்தது. எட்வர்ட்ஸ் செய்த காரியத்தை இன்றைக்கும் எங்கள் தொழிலில் வியந்து பேசலாம். ஒவ்வொரு முறையும் கப்பலின் வடிவத்தைப் படித்துப் படித்து வரைவதற்குப் பதிலாக, விளையாட்டு தொடங்கும்போதே அந்த வடிவத்தை நேரடியாக ஓடக்கூடிய இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவைத்துவிட்டார். வரையும் நேரம் குறைந்தது. மிஞ்சிய நேரத்தில் இரண்டு கப்பலுக்கும் ஈர்ப்புக் கணக்கு போட முடிந்தது. டார்பிடோக்களுக்குப் போட முடியவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் கப்பல் வளைந்து போகும், டார்பிடோ நேராகப் போகும். இயற்பியல்படி அது தப்பு. ஆனால் எந்த இடத்தில் தப்பு இருக்கலாம் என்று தீர்மானித்தே செய்தார்கள். மனிதர் கை வைத்து ஆட்டும் கப்பல் சரியாக நடந்துகொள்ள வேண்டும், அதற்காக டார்பிடோவின் உண்மை தியாகமாயிற்று.

அதற்குப் பின் வந்தவர்கள் எல்லாருக்கும் இவ்வளவு தெளிவாகத் தீர்மானிக்க வாய்க்கவில்லை. பல சமயம் இயந்திரமே தீர்மானித்துவிட்டது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தபோது, ஐந்து வரிசையில் 55 வேற்றுலகவாசிகளை நிறுத்தினார். உள்ளே இருந்தது இன்டெல் 8080 சிப். 55 பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதற்குச் சக்தி இல்லை. திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஒருவர்தான் நகர்வார். விநாடிக்கு 60 புதுப்பிப்பு என்றால் மொத்தப் படையும் ஓர் அடி எடுத்துவைக்க ஏறக்குறைய ஒரு விநாடி. பாதிப் பேரைச் சுட்டுத் தள்ளினால் அரை விநாடி. கடைசி ஆள் மட்டும் மிஞ்சும்போது அவன் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பாய்வான். நிஷிகாடோ இதைப் பார்த்தார், பிடித்திருந்தது, அப்படியே விட்டுவிட்டார். உலகமெங்கும் நெஞ்சு படபடக்க ஆடிய அந்த வேகம், சுமை குறைந்த ஒரு சிப் மூச்சுவிட்ட வேகம்.

அடுத்த ஆண்டே வந்த அடாரியின் ஆஸ்டராய்ட்ஸில் இது தலைகீழாக நடந்தது. திறமைசாலிகள் கூடுதல் உயிர்களைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு உயிருக்கும் திரையின் மேலே ஒரு குட்டிக் கப்பல் வரையப்படும். எத்தனை வரையலாம் என்பதற்கு வரம்பு வைக்கப்படவில்லை. ஐம்பதைத் தாண்டி உயிர்கள் சேரும்போது விளையாட்டு திணற ஆரம்பிக்கும். விண்கற்கள் குறைவாக இருக்கும்போதும் இழுக்கும். காரணம் போர்க்களத்தில் இல்லை, மேலே ஓரமாக வரிசைகட்டி நிற்கும் சேமிப்பில் இருக்கிறது. ஆடுபவரின் கண் அங்கே போவதே இல்லை. மெதுவாவது ஓரிடத்தில் தெரியும், காரணம் இன்னோரிடத்தில் உட்கார்ந்திருக்கும். இதை நான் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

1984இல் இங்கிலாந்தில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எலைட் விளையாட்டை பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதினார்கள். நினைவகம் 32 கிலோபைட், 2 மெகாஹெர்ட்ஸ் 6502 சிப். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள் அமைப்புகள். எதையும் சேமித்து வைக்கவில்லை. சில எண்களை விதையாக வைத்து, வேண்டியபோது வேண்டிய கோளைக் கணக்கிட்டு முளைக்க வைத்தார்கள். எலைட்டில் காலம் என்பதே கணக்கு முடியும் நேரம்தான். எல்லாக் கப்பல்களையும் ஒரு சுற்று நகர்த்தி, வரைந்து முடித்தால் அடுத்த சுற்று. பக்கத்தில் கொள்ளைக்காரக் கப்பல்கள் நாலைந்து சூழ்ந்துகொண்டால் சுற்று நீளும், மொத்தப் பிரபஞ்சமும் சேர்ந்து மெதுவாகும். எல்லாருக்கும் சமமாக மெதுவாவதால் சண்டையில் அநியாயம் இல்லை.

இந்த முறையில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது, அது பின்னால் வெளியே வந்தது. 1990இல் வந்த விங் கமாண்டர், அந்தக் காலத்து 386 கணினியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டது. 486, பென்டியம் என்று சிப்கள் வேகமெடுத்தபோது சண்டை கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் முடிந்துபோனது. கணினியை வேண்டுமென்றே மெதுவாக்கும் குட்டி மென்பொருள்களைப் போட்டுக்கொண்டுதான் ஆட முடிந்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பெட்டியின் முன்பக்கம் இருந்த டர்போ பொத்தான் நினைவிருக்கும். பழைய மென்பொருள்களுக்காக இயந்திரத்தை மெதுவாக்கத்தான் அது பெரும்பாலும் உதவியது. விளையாட்டின் காலத்தையும் சிப்பின் வேகத்தையும் பிரித்தே ஆக வேண்டும் என்ற பாடம் அந்தத் தலைமுறைக்கு இப்படித்தான் வந்தது.

இனி கெர்பலுக்கு வருகிறேன். மெக்சிகோ நகரில் ஸ்க்வாட் என்ற நிறுவனம் இருந்தது, அதன் தொழில் விளம்பரம். அங்கே வேலைபார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே 2011இல் இந்த விளையாட்டைத் தொடங்கினார். சின்ன வயதில் ராக்கெட் வாணங்களில் தகரத்தாளில் செய்த குட்டி மனிதர்களை ஏற்றிவிட்டு, அவர்களுக்குக் கெர்பல்கள் என்று பெயர் வைத்தவர் அவர். அந்த ஆண்டு ஜூனில் முதல் பதிப்பு வெளியானது, 2015 ஏப்ரலில் 1.0 வந்தது. அவர் எடுத்துக்கொண்டது யூனிட்டி என்ற பொதுப்பயன் எஞ்சின். அறைகளிலும் தெருக்களிலும் நடக்கும் விளையாட்டுகளுக்கு வசதியான கருவி. அதில் ஒரு சூரியக் குடும்பத்தையே வைக்க வேண்டும் என்றபோதுதான் பழைய பேரம் புது உருவத்தில் வந்து நின்றது.

யூனிட்டி ஒரு பொருளின் இடத்தை 32 பிட் எண்ணில் வைத்திருக்கும். அப்படிப்பட்ட எண்ணில் ஏழு இலக்கம் வரைதான் நம்பலாம். பொருள் மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மில்லிமீட்டர் வரை சரியாக வரும், தூரம் போகப் போக இடைவெளி அகலும். விளையாட்டின் கெர்பின் கோள் அதன் சூரியனிலிருந்து சுமார் 1.36 கோடி கிலோமீட்டரில் சுற்றுகிறது. சூரியனை மையமாக வைத்து 32 பிட்டில் கணக்குப் போட்டால், அந்தத் தூரத்தில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவே 1,024 மீட்டர் இடைவெளி விழும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு படி. அப்படிப்பட்ட அளவுகோலால் ஒரு ராக்கெட்டின் தொட்டியையும் எஞ்சினையும் எப்படி ஒட்டவைப்பது? ஆரம்பப் பதிப்புகளில் தூரமும் வேகமும் கூடக் கூடக் கப்பல் நடுங்கி, முறுக்கி, தானே சிதறியது. ஆடியவர்கள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அரக்கனுக்குக் கடல் பூதத்தின் பெயரை வைத்தார்கள், கிராகன் என்று. தீர்வும் அதே பெயரை ஒட்டித்தான் வந்தது. கப்பல் நகரக் கூடாது, கப்பலே மையம். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் பிரபஞ்சத்தைத்தான் எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். கோள்களின் பாதைகளை மட்டும் தனியே 64 பிட் எண்களில் வைத்துக்கொண்டார்கள்.

இடம் சரியாயிற்று, அடுத்தது காலம். இந்த விளையாட்டில் கப்பல் என்பது ஒரே பொருள் இல்லை. தொட்டி, எஞ்சின், கால், சூரியத் தகடு என்று ஒவ்வொன்றும் தனிப் பொருள், நடுவில் மூட்டுகள். அந்த மூட்டுகளில் எவ்வளவு விசை விழுகிறது என்று 0.02 விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 முறை கணக்கிட வேண்டும். கணக்கை அவசரப்பட்டு நீட்டிப் போட்டால் மூட்டு அளவுக்கு மீறி இழுபடும், அடுத்த படியில் அதைவிட அதிகமாகத் திரும்பி உதைக்கும், மூன்றாவது படியில் கப்பல் துண்டு துண்டாகிவிடும். படியை நீட்டாமல் கணக்கு பின்தங்கினாலும் சிக்கல்தான். தவறவிட்ட படிகளையெல்லாம் அடுத்த ஃப்ரேமில், அதாவது திரையின் அடுத்த படத்தில், சேர்த்துப் போடப் பார்த்தால் அந்த ஃப்ரேம் இன்னும் தாமதமாகும், அதனால் இன்னும் நிறையப் படிகள் பாக்கி விழும். அது முடிவில்லாத சுழல்.

அதனால் ஒரு வரம்பு வைத்தார்கள். ஒரு ஃப்ரேமில் இவ்வளவு காலத்துக்கு மேல் கணக்கிட மாட்டோம் என்று. அமைப்புப் பக்கத்தில் 0.03 முதல் 0.12 விநாடி வரை நாமே அதை மாற்றலாம். வரம்பு 0.04 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேமை முடிக்க கணினிக்கு 0.1 விநாடி ஆகிறது. அப்போது 0.1 விநாடி நம் வாழ்க்கையில் போகும், கப்பலுக்கு 0.04 விநாடிதான் போகும். பத்து நிமிடம் எஞ்சினை எரிக்க வேண்டுமென்றால் நாம் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். கடிகாரம் மஞ்சளாவது இதனால்தான். இயற்பியலைக் குலைக்க மாட்டோம், நேரத்தை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறோம் என்ற முடிவு அது. எட்வர்ட்ஸ் டார்பிடோவை விட்டுக்கொடுத்தார், இவர்கள் கடிகாரத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதை மறைக்காமல் நிறம் மாற்றிக் காட்டினார்கள் பாருங்கள், அதற்காக அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அண்ணன் மகனின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஏவுதளத்தில் மலையும் கடலும் எடுத்த நேரம் ஆழ்வெளியில் மிச்சமாகிறது, உண்மைதான். ஆரம்பப் பதிப்புகளில் கேமராவைக் கடலிலிருந்து வானத்துக்குத் திருப்பினாலே விளையாட்டு வேகமெடுக்கும். ஆனால் மூட்டுக் கணக்கு கேமராவைப் பார்த்து நடப்பதில்லை. அவன் கட்டியிருந்தது இறங்குகலம், ஆய்வுக்கலம், எரிபொருள் தொட்டிகள் எல்லாம் கோத்த ஒரு ரயில் வண்டி. அத்தனை பாகங்களும் அவனோடுதான் வந்தன. 1.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பாகமும் எவ்வளவு சூடாகிறது, பக்கத்துப் பாகத்துக்கு எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. கெர்பினைச் சுற்றி அவன் கழற்றிப்போட்ட பழைய எஞ்சின்களும் கவசங்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மூட்டுக் கணக்கு கிடையாது, கெப்ளர் விதிப்படி பாதை மட்டும்தான். ஆனாலும் ஒவ்வொன்றின் பெயரும் பட்டியலில் இருக்கிறது, வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வொன்றின் பாதையையும் கணக்கிட வேண்டியிருக்கிறது.

"கடிகாரம் மஞ்சளாவே நிக்குதா, இல்ல பச்சையா இருந்து நடுநடுவுல உதறுதா?" என்று கேட்டேன். உதறுது என்றான். சில விநாடிக்கு ஒருமுறை, ஒரே சீராக. அது வேறு நோய். யூனிட்டியில் எழுதும் நிரல் வேலை செய்யும்போது துண்டு துண்டாக நினைவகத்தை எடுக்கும், முடிந்ததும் அப்படியே போட்டுவிடும். யாராவது கூட்டிப் பெருக்க வேண்டும். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்தபின் இலைகளை எடுத்துத் துடைக்கும்வரை அடுத்த பந்தி உட்கார முடியாதில்லையா, அதுபோல நினைவகத்தைச் சுத்தம் செய்யும் அந்தக் கணத்தில் விளையாட்டு முழுதும் நின்று காத்திருக்கும். ஏவும்போதும் அது நடக்கிறது, ஆனால் அந்த அமளியில் கண்ணில் படுவதில்லை. எதுவுமே அசையாத ஆழ்வெளியில், ஒரு நட்சத்திரம் மெல்ல நகரும்போது அது கால் நொடி தடுக்கினால் பளிச்சென்று தெரிகிறது. விளையாடுபவர்களே இதைக் கண்டுபிடித்தார்கள். நினைவகத்தை முன்கூட்டியே பெரிதாக ஒதுக்கிவைத்து, சுத்தம் செய்யும் முறைகளைத் தள்ளிப்போடும் துணைநிரல்கூட எழுதினார்கள்.

இந்த விளையாட்டில் இன்னொன்றும் நடந்தது, அது இன்னும் விசித்திரம். எஞ்சினைத் தொடாமலே சில கப்பல்களின் சுற்றுப்பாதை கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. ஒவ்வொரு படியிலும் மூட்டுக் கணக்கில் விழும் நுண்ணிய பிசகு சேர்ந்து சேர்ந்து கப்பலைத் தள்ளியிருக்கிறது. பின்னாளில் அதைச் சரிக்கட்டும் ஏற்பாட்டை விளையாட்டுக்குள்ளேயே வைத்தார்கள். இந்த நழுவலைப் பற்றிப் படித்தபோது எனக்கு நிஜ விண்வெளியில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

நாசா 1972இல் பயனியர் 10 கலத்தையும் 1973இல் பயனியர் 11 கலத்தையும் அனுப்பியது. வியாழனையும் சனியையும் கடந்து அவை வெளியே போய்க்கொண்டிருந்தபோது, கணக்கு சொன்ன வேகத்தைவிட மிகமிகக் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தன. சூரியன் பக்கம் ஏதோ இழுப்பது போன்ற முடுக்கம், அளவு 0.000000000874 மீட்டர்/விநாடி². ஜான் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 1998இல் இதை வெளியிட்டபோது ஈர்ப்பு விதியே தப்போ, இருண்ட பொருளோ என்றெல்லாம் பெரிய பெரிய விளக்கங்கள் கிளம்பின. 2012இல் ஸ்லாவா துரிஷேவ் குழு விடையைச் சொன்னது. காரணம் கலத்துக்குள்ளேயே இருந்தது. அணு மின்கலங்களும் மின்னணுக் கருவிகளும் வெளிவிட்ட வெப்பம் எல்லாத் திசையிலும் சமமாகப் போகவில்லை. ஒரு பக்கமாகக் கூடுதலாகப் போன வெப்பம், 60 வாட் பல்பு ஒன்றின் அளவு, கலத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

இந்த விடை எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் விளையாட்டு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். பயனியர் தன் பல பாகங்களின் வெப்பநிலையையும் மின்சாரச் செலவையும் பூமிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பதிவுகளைச் சிலர் பல பத்தாண்டுகள் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பழைய காந்த நாடாக்களிலிருந்து தகவலை மீட்டுப் படிக்க ஆட்கள் பொறுமையாக உட்கார்ந்தார்கள். ஆனால் கெர்பலின் கடிகாரம் விளையாட்டு மெதுவாகிறது என்று மட்டும் சொல்கிறது, எதனால் என்று சொல்வதில்லை. அடுத்து வந்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2, 2023 பிப்ரவரியில் முழுமையடையாத நிலையில் வெளியானபோது விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளிலும் திணறியது. தங்கள் கப்பலா, எரிபொருள் கணக்கா, கோளின் தரையா, எது இழுக்கிறது என்று வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. கணக்கு எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்பது நிரலுக்குத் தெரியும். மூட்டுக்கு இவ்வளவு, வெப்பத்துக்கு இவ்வளவு, பாதைகளுக்கு இவ்வளவு, நினைவகச் சுத்தத்துக்கு இவ்வளவு என்று அந்த மஞ்சள் எண்களுக்குக் கீழே நான்கு வரி காட்டினால் போதும். கப்பல் கட்டுபவர்களே எதைக் கழற்றுவது என்று முடிவுசெய்துகொள்வார்கள்.